பதினோரு படகுக்கு ஒரு ஆணி

அலுவலகத்தில் புதிதாக ஆறு பேர் சேர்ந்திருக்கிறீர்களாம். கிளாஸ் என்றால் என்ன, ஆப்ஜெக்ட் என்றால் என்ன என்று உங்களுக்கு அடியிலிருந்து விளங்கும்படி ஒரு பாடம் எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆன என்னைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் என் அறிவு என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் சும்மா இருப்பவன் நான் ஒருவன்தான். "கொஞ்சம் சுவாரசியமா இருக்கட்டும் சார்" என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.

புத்தகங்களில் இந்தப் பாடத்துக்கு ஒரு நாய் வரும். நாய் என்று ஒரு கிளாஸ், அதில் டாமி ஒரு ஆப்ஜெக்ட், டாமி குரைக்கும். இல்லையென்றால் கார் வரும். முப்பது வருடம் புதுக்கோட்டையில் புரோகிராம் எழுதினேன். ஒருவரும் என்னிடம் நாய்க்கு மென்பொருள் கேட்டதில்லை. படகுக்குக் கேட்டார்கள். அதனால் படகை வைத்தே சொல்கிறேன். அந்தப் படகுப் பாடத்தில் நான் எப்படித் தேறினேன் என்பதையும் போகப் போகச் சொல்கிறேன்.

கோட்டைப்பட்டினத்துக்கும் கட்டுமாவடிக்கும் நடுவில் ஒரு சின்னக் கடற்கரை ஊர். பெயர் வேண்டாம். அங்கே பதினோரு ஃபைபர் படகுகள். பதினோரு பேரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். கடற்கரையை ஒட்டி ஓடு போட்ட ஒரு அறைதான் சங்கம். அதன் வெளிச்சுவரில் ஒரு பலகை, பலகையில் பதினோரு ஆணி, ஆணிக்கு ஒரு தகரவில்லை. வில்லையில் படகின் எண் பொறித்திருக்கும். கடலுக்குப் போகிறவர் தன் வில்லையைக் கழற்றி இடுப்பு முடிச்சில் செருகிக்கொண்டு போவார். திரும்பி வந்ததும் தன் ஆணியில் மாட்டுவார். ஆணி வெறுமையாக இருந்தால் ஆள் கடலில் இருக்கிறார் என்று அர்த்தம். ஊரில் எல்லோரும் போகிற வருகிற வழியில் அந்தப் பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பதினோரு படகும் ஒரே செட்டாகப் போய், ஒன்றின் கண்பார்வையில் இன்னொன்று இருக்கும்படி வலை போட்டு, விடிந்ததும் ஒன்றாகத் திரும்புவார்கள். கரைக்கு வந்ததும் மீனை இறக்குகிற அவசரம். அதனால் எல்லோரும் தங்கள் வில்லையை யாராவது ஒருவர் கையில் கொடுத்துவிடுவார்கள். அவர் போய் மொத்தமாக மாட்டிவிட்டு வருவார். இந்த வழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதைத் தெரிந்துகொள்ளாமலே அவர்களுக்கு மென்பொருள் எழுதினேன்.

இப்போது பாடம். அந்த ஊரில் படகு என்றால் என்னென்ன சொல்ல வேண்டும்? எண், ஓட்டுகிறவர் பெயர், புறப்பட்ட நேரம், கரை திரும்பிய நேரம். இப்படி 'ஒரு படகுக்கு இன்னின்ன உண்டு' என்று எழுதிவைக்கிற அச்சடித்த வெற்றுப் படிவம்தான் கிளாஸ். அது படகு அல்ல. அதில் ஏறி யாரும் மீன் பிடிக்க முடியாது. அந்தப் படிவத்தில் ஒரு தாளை எடுத்து எண் ஏழு, முனியசாமி, புறப்பட்டது மாலை நாலு என்று நிரப்பினால் அது ஒரு ஆப்ஜெக்ட். பதினோரு படகு என்றால் பதினோரு தாள். ஒரு தாளில் எழுதினால் அடுத்த தாளில் மை படாது. ஆப்ஜெக்ட் என்பதன் உயிரே அங்கேதான் இருக்கிறது.

சில விஷயங்கள் எல்லாத் தாளுக்கும் பொதுவானவை. சங்கத்தின் பெயர் பதினோரு படகுக்கும் ஒன்றுதான். அதைப் பதினோரு முறை எழுத வேண்டியதில்லை, கிளாஸிலேயே ஒரு இடத்தில் வைத்துவிடலாம். அப்படிப் பொதுவில் வைப்பதற்கு நாங்கள் பயன்படுத்திய மொழியில் ஸ்டாட்டிக் என்ற ஒரு வார்த்தையை முன்னால் போட வேண்டும். அந்த வார்த்தையைப் போட்டால் அந்தத் தகவல் யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் பொது. ஒருவர் மாற்றினால் எல்லோருக்கும் மாறிவிடும்.

சங்கத்தின் பெயர் பொது. கரை திரும்பிய நேரம் பொது அல்ல. இது உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்கும் அன்றைக்குப் புரிந்தே இருந்தது. இருபது வருடத்துக்கு மேல் அனுபவம் இருந்தது.

திறப்பு விழாவுக்கு முதல் நாள். மறுநாள் காலை பத்து மணிக்குப் பந்தல், மைக், ஊர்ப் பெரியவர்கள், எங்கள் முதலாளி எல்லோரும் வருகிறார்கள். எத்தனை படகு கடலில் இருக்கிறது என்று எண்ணிச் சொல்லும் ஒரு பகுதி மட்டும் பாக்கி. அதை அவசரத்தில் எழுதினேன். எழுதியதைச் சரிபார்க்கிற கம்பைலர் ஒத்துக்கொள்ளவில்லை. பொதுவான இடத்திலிருந்து தனிப்பட்ட தகவலைத் தொடுகிறாய், எந்தப் படகின் நேரத்தைக் கேட்கிறாய் என்று சிவப்புக் கோடு போட்டது. நியாயமான கேள்விதான். நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. கரை திரும்பிய நேரத்துக்கு முன்னால் ஸ்டாட்டிக் என்று போட்டேன். சிவப்புக் கோடு போய்விட்டது. நீங்களும் இந்த வருடத்துக்குள் ஒரு முறையாவது இதைச் செய்வீர்கள். கேட்கிற வாயை அடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பீர்கள்.

சோதித்துப் பார்த்தேன், பார்க்காமல் இல்லை. ஒரு படகை வைத்துச் சோதித்தேன். புறப்பட்டது, திரும்பியது, 'வந்தது' பொத்தானை அமுக்கியதும் நேரம் சரியாக விழுந்து கட்டம் பச்சையானது. ஒரே ஒரு படகு இருக்கும் ஊரில் தனிச் சொத்துக்கும் பொதுச் சொத்துக்கும் வித்தியாசமே தெரியாது. இரண்டாவது படகைச் சேர்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். வீட்டுக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பதால் சேர்க்கவில்லை.

மறுநாள் விழா நன்றாகவே நடந்தது. லட்டு கொடுத்தார்கள். இனி இது எதற்கு என்று பலகையைக் கழற்றி உள்ளே பரண்மேல் போட்டார்கள். வில்லைகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார்கள். நான்தான் டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றேன், போட்டோகூட இருக்கிறது.

சங்கத்தில் கணினியைப் பார்த்துக்கொண்டவர் ஜபருல்லா. ஐம்பது வயது, நிதானமான மனிதர். ஒரு வாரம் கழித்து எனக்குப் போன் செய்து பாராட்டினார். "ஒண்ண அமுக்குனா செட்டே பச்சையாயிடுது சார். நம்ம ஊரு வழக்கத்துக்கு ஏத்தாப்ல செஞ்சிருக்கீங்க. முன்னாடி ஒரு ஆளு எல்லா வில்லையையும் மாட்டுவாருல்ல, அதே மாதிரி" என்றார்.

எந்த வழக்கத்தைச் சொல்கிறார் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒன்றை அமுக்கினால் ஏன் எல்லாம் பச்சையாகிறது என்று கேட்டிருக்க வேண்டும். நான் சிரித்துக்கொண்டு, பயன்படுத்துகிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுவோம் என்று பெருமையாகச் சொன்னேன். நீங்கள் செய்யாத ஒன்றுக்கு யாராவது பாராட்டினால் வேலையைப் போட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள். அது பாராட்டு இல்லை, புகார். சொல்கிறவருக்கே அது தெரிந்திருக்காது.

ஜபருல்லாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒருவர் மொத்த வில்லையையும் மாட்டுவது அவர் இருபது வருடமாகப் பார்த்த காட்சி. ஆனால் கையில் இல்லாத வில்லையை அந்த ஒருவரால் மாட்ட முடியாது. பத்து வில்லை கையில் இருந்தால் பத்து ஆணிதான் நிறையும், பதினோராவது ஆணி வெறுமையாகவே இருந்து எல்லோரையும் கேள்வி கேட்கும். நான் எழுதியதில் அந்தத் தடை இல்லை.

விழா முடிந்து இருபது நாள் இருக்கும். அன்றைக்கு செட்டு மதியம் மூன்று மணிக்குப் புறப்பட்டது. ஏழாம் எண் படகுக்கு எஞ்சினில் கோளாறு. அதன் சொந்தக்காரர் முனியசாமி சரிசெய்துகொண்டு மாலை நான்கு மணிக்குத் தனியாகப் புறப்பட்டார். கூடப் போகும் மச்சானுக்குக் காய்ச்சல். ஜபருல்லா புறப்பட்ட நேரத்தைப் பதிந்தார். முன்னால் போனவர்கள், முனியசாமி எஞ்சின் ரிப்பேராகிக் கரையிலேயே நின்றுவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் கடலில் இருக்கிறார் என்பது அவர் மனைவி காளீஸ்வரிக்கும் ஜபருல்லாவுக்கும் என் கணினிக்கும் மட்டுமே தெரியும்.

காலையில் முதல் படகு வந்தது. மூன்றாம் எண். ஜபருல்லா 'வந்தது' என்பதை அமுக்கினார். பதினொன்றும் பச்சையானது. மற்றவர்கள் பின்னாலேயே வந்துவிடுவார்கள் என்று அவர் வேறெதையும் அமுக்கவில்லை. திரும்பிய நேரம் ஆறு ஐம்பத்திரண்டு. ஏழாம் எண்ணுக்கும் ஆறு ஐம்பத்திரண்டு.

எட்டரை மணிக்குக் காளீஸ்வரி சங்கத்துக்கு வந்து, வீட்டுக்காரர் இன்னும் வரவில்லையே என்று கேட்டிருக்கிறார். ஜபருல்லா திரையைக் காட்டி, வந்துவிட்டாரே அம்மா, எஞ்சின் சாமான் வாங்கக் கட்டுமாவடிப் பக்கம் போயிருப்பார் என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா கரையில் படகைத் தேடினார், காணோம். எஞ்சினைக் காட்டப் படகையே அங்கிட்டுக் கொண்டுபோயிருப்பார் என்றார்கள். திரும்பி வந்து திரையைத் தானே பார்த்தார். ஒன்பதாவது வரை படித்தவர். பார்த்துவிட்டு, இதைச் செய்தவரிடம் பேச வேண்டும் என்று ஜபருல்லாவின் போனை வாங்கி எனக்கு அடித்தார்.

நான் அப்போது அறந்தாங்கியில் ஒரு கல்யாண மண்டபத்து முதலாளியின் எதிரில் உட்கார்ந்திருந்தேன். மண்டபத்துக்கு எங்கள் மென்பொருளை வாங்கலாமா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் எங்கள் முதலாளி. எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அவர் கற்றுக்கொடுத்த முதல் பாடம், வாடிக்கையாளர் காதில் விழும்படி 'தெரியல' என்று மட்டும் சொல்லிவிடாதே என்பது.

போனில் அந்தப் பெண் சத்தம் போடவில்லை, அழவில்லை. இன்றைக்கும் அந்தக் குரல் அப்படியே காதில் இருக்கிறது.

"சார், பதினோரு படகுக்கும் ஆறு அம்பத்திரண்டுன்னு இருக்கு. பதினோரு படகும் ஒரே நிமிசத்துல எப்படி சார் கரையேறும்?"

இதைவிடத் தெளிவாக ஒரு பிழையை எனக்கு யாரும் சொன்னதில்லை. கேட்ட உடனே ஏதோ தப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் போயிற்று என்று இத்தனை வருடத்தில் பலரிடம் சொல்லியிருக்கிறேன், அது பொய். எதிரில் மண்டபத்து முதலாளி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழட்டும் என்று கொஞ்சம் குரலை உயர்த்தியே சொன்னேன்.

"செட்டா வந்தா ஒரே நேரம்தாம்மா விழும். நம்ம சாஃப்ட்வேர்ல தப்பு வராது. அவரு வந்துட்டாரு, நல்லாத் தேடிப் பாருங்க."

அந்த செட்டு என்ற வார்த்தை ஜபருல்லா எனக்குக் கொடுத்த பாராட்டிலிருந்து எடுத்தது. அந்த அம்மா, சரிங்க சார் என்று வைத்துவிட்டார். கம்ப்யூட்டர் செய்த சாரே சொல்கிறார் என்று ஊர் அதோடு அடங்கிவிட்டது. நாங்கள் மண்டபத்தில் சாப்பிட்டோம். பாயசம் இருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் அந்தக் கேள்வி மறுபடி மறுபடி வந்தது. பாதி வழியிலேயே, ஸ்டாட்டிக் போட்ட அந்த வரி கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அப்போதே ஜபருல்லாவுக்குப் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. உறுதி செய்துகொண்டு சொல்லலாம், இல்லையென்றால் அசிங்கமாகிவிடும் என்று போனைப் பையில் வைத்துக்கொண்டேன். புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு வந்து, கணினியைத் திறந்து, இரண்டு படகை வைத்து சோதித்தேன். முதல் படகை அமுக்கியதும் இரண்டாவதும் பச்சையானது. அதற்குப் பிறகுதான் போன் செய்தேன். மணி இரண்டே முக்கால்.

பத்துப் படகும் உடனே கடலுக்குப் போயின. மறுநாள் மதியம் தெற்கே வெகுதூரத்தில் சேற்றுக் கரையில் ஏழாம் எண் படகு ஒதுங்கிக் கிடந்தது. வலை படகிலேயே இருந்தது. முனியசாமி இல்லை. அவர் கடைசி வரை கிடைக்கவில்லை.

காலை எட்டரைக்கே தேடப் போயிருந்தால் கிடைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. கடலுக்குப் போன அந்த இரவிலேயே எல்லாம் முடிந்துபோயிருக்கலாம். அல்லது நான் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்துகொண்டிருந்திருக்கலாம். இதற்கு விடை கிடைக்கவே கிடைக்காது. நல்ல விடையோ கெட்ட விடையோ, ஏதாவது ஒன்று கிடைத்திருந்தால் அதோடு இருந்துவிடலாம் என்று தோன்றும்.

நான் வெட்கப்பட வேண்டியது இதோடு முடியவில்லை. விசாரணைக்கு வந்த அதிகாரி அன்றைய பதிவைக் கேட்டார். ஜபருல்லா கணினியில் இருந்ததை அப்படியே அச்செடுத்து, சங்கத்து முத்திரை குத்திக் கொடுத்தார். அதில் ஏழாம் எண், முனியசாமி, திரும்பியது காலை ஆறு ஐம்பத்திரண்டு என்று இருந்தது. கம்ப்யூட்டரில் தப்பாகிவிட்டது என்று ஜபருல்லா வாயால் சொல்லிப் பார்த்தார். வாய்ச்சொல்லை எந்தக் கோப்பிலும் வைக்க முடியாது. ஆள் கரைக்கு வந்திருக்கிறார், சரியாகக் கட்டாத படகு பிறகு இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, ஆள் எங்கே போனார் என்று தெரியவில்லை. இப்படி எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். கையில் முத்திரை போட்ட தாள் இருக்கும்போது வேறு எப்படி எழுதுவார்கள்?

இறந்தார் என்று சான்றிதழ் கிடைக்கவில்லை. அதைவிடக் கொடுமை ஊர்ப்பேச்சு. கரைக்கு வந்த மனிதன் வீட்டுக்கு வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? திருப்பூரில் பார்த்தேன் என்றான் ஒருவன். வேறு குடும்பம் வைத்திருக்கிறார் என்றான் இன்னொருவன். காளீஸ்வரி பொட்டு வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் ஒரு பேச்சு. செத்துப்போன மனிதனை ஓடிப்போன மனிதன் ஆக்கியது என் புரோகிராம்.

அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவர் திரும்பி வரவில்லை என்று எழுதித் தர வேண்டும். அதற்காக இரண்டு பஸ் மாறித் திருக்கோகர்ணம் வந்தார்.

முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார். "எழுதிக் குடுத்தா அப்பறம் எந்தச் சங்கம்யா நம்ம படி ஏறும்? இங்க பத்துப் பேரு வீட்டுல அடுப்பெரியுது. யோசிச்சுச் செய்யி" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பத்துப் பேரில் என் வீடும் ஒன்று. நான் யோசித்தேன். யோசித்து ஒரு கடிதம் எழுதினேன். தொழில்நுட்பக் காரணங்களால் சில பதிவுகளில் சிறு வேறுபாடுகள் இருக்க வாய்ப்புள்ளது என்று எழுதினேன். நல்ல தமிழ், ஒரு பிழை கிடையாது. யார் தப்பு, என்ன தப்பு, யாருக்கு நடந்தது என்று எதுவும் அதில் கிடையாது. அதிகாரி அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இத்தனைக்கும் எந்த நேரத்தில் எந்தப் படகுக்கு 'வந்தது' அமுக்கப்பட்டது என்ற குறிப்பு முழுக்கப் புரோகிராமில் தனியாகச் சேர்ந்துகொண்டே இருந்தது. ஆறு ஐம்பத்திரண்டுக்கு அமுக்கியது மூன்றாம் எண்ணுக்கு மட்டும்தான் என்று அதில் இருந்தது. இரண்டாம் நாளே அதை நான் பார்த்துவிட்டேன். பதினோரு மாதம் வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறை அந்த அம்மா வந்தபோது உள் அறையில் உட்கார்ந்துகொண்டு, சார் வெளியூர் போயிருக்கார் என்று முன்னறையில் இருந்த பெண்ணை விட்டுச் சொல்ல வைத்தேன். என் செருப்பு வாசலில் கிடந்தது. பார்த்திருப்பார்.

நான்காவது முறை வந்தபோது என்னால் ஒளிய முடியவில்லை, வாசலிலேயே பிடித்துவிட்டார். கையில் என்னுடைய அந்த நல்ல தமிழ்க் கடிதம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பிரித்து மேசையில் வைத்தார்.

"இதுல எங்க வீட்டுக்காரு வரலைன்னு எங்கயுமே இல்லையே சார். நீங்க எழுதித் தர வேணாம். பதினோரு படகுக்கும் ஒரே நேரம் எப்படி வந்துச்சுன்னு மட்டும் எனக்குச் சொல்லிக் குடுங்க. நானே போயி ஆபீசருகிட்டச் சொல்லிக்கிறேன்."

உங்களுக்கு முன்னால் இந்தப் பாடத்தை நான் எத்தனையோ பேருக்கு எடுத்திருக்கிறேன். அன்றைக்கு எடுத்த மாதிரி எடுத்ததில்லை. ஒரு தாளைக் கிழித்துப் பதினோரு துண்டாக்கினேன். ஒவ்வொன்றிலும் ஒரு படகு எண் எழுதினேன். இதுதான் ஒவ்வொரு படகும், அதனதன் நேரம் அதனதன் தாளில் இருக்க வேண்டும் என்றேன். பிறகு தனியாக ஒரு துண்டை எடுத்து நடுவில் வைத்து, நான் திரும்பிய நேரத்தை மட்டும் இந்த ஒரே துண்டில் வைத்துவிட்டேன், பதினொன்றும் இதையே பார்த்துச் சொல்கின்றன, யார் வந்து எழுதினாலும் எல்லோரும் வந்ததாகிவிடும் என்றேன். நாய், டாமி எதுவும் தேவைப்படவில்லை.

காளீஸ்வரி அந்த நடுத்துண்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப பதினோரு படகுக்கு ஒரு ஆணிதான் அடிச்சிருக்கீங்க."

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கல்லூரியில் மூன்று வருடம் படித்துவிட்டு வருகிறவர்களுக்கும் இவ்வளவு சுத்தமாக இது விளங்கி நான் பார்த்ததில்லை. ஆமாம் என்றேன். யார் அடித்தது என்று அவர் கேட்கவில்லை. நானாகவே, நான்தான் என்றேன். பதினோரு மாதத்தில் அதைச் சொன்னது அன்றைக்குத்தான்.

அவர் எதிரிலேயே உட்கார்ந்து எழுதினேன். பதிவு தவறு. தவறு என்னுடையது. அன்று காலை ஆறு ஐம்பத்திரண்டுக்குப் பதிந்தது மூன்றாம் எண் படகின் வரவு மட்டுமே. ஏழாம் எண் படகு கரை திரும்பியதாக எந்தப் பதிவும் கிடையாது. நான்கு வரி. அமுக்கிய குறிப்பையும் அச்செடுத்து இணைத்துக் கையெழுத்துப் போட்டேன். முதலாளி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் வேலை விஷயம் தவிர வேறெதுவும் பேசியதும் இல்லை. இரண்டு சங்கங்கள் எங்களை விட்டுப் போயின. வேறு இரண்டு வந்தன. எந்த அடுப்பும் அணையவில்லை. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது நடந்து பல நாள், ஏதாவது ஆகியிருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது.

புரோகிராமில் அந்த ஒரு வார்த்தையை எடுத்தேன். அமுக்கிய குறிப்பிலிருந்து பதிவுகளை மறுபடி உருவாக்கியதும் பழைய நாட்களின் பொய்யெல்லாம் உதிர்ந்து கட்டங்கள் காலியாக நின்றன. நானும் ஜபருல்லாவும் உட்கார்ந்து, முனியசாமி காணாமல் போன அன்றைக்கு வந்த பத்துப் பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டு அவரவர் நேரத்தை நிரப்பினோம். வெளிச்சுவரில் பலகை மறுபடி மாட்டியிருந்தது. கணினி ஒரு ஓரமாகத் துணி போர்த்திக் கிடந்தது. இந்த ஒரு பக்கத்துக்காகத்தான் அதைத் திறந்தார்கள்.

திருத்திய பதிவை அச்செடுத்துக் காளீஸ்வரியிடம் நானே கொடுத்தேன். சங்கத்து வாசலில் நின்றபடி வாங்கிக்கொண்டார். மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டு வந்தார். ஏழு ஐந்து, ஏழு பத்து, ஆறு ஐம்பத்திரண்டு என்று பத்துப் பேரும் பத்து நேரத்தில் வந்திருந்தார்கள். ஏழாவது வரியில் பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது. விரல் அங்கேயே நின்றுவிட்டது. இனி சான்றிதழ் கிடைத்துவிடும் அம்மா என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"இத்தன நாளு ஒங்க கம்ப்யூட்டர்ல மட்டுமாச்சும் அவரு வந்திருந்தாரு சார்" என்றார்.

அவர் தாளை நாலாக மடித்தார்.

"திருத்தித் தரச் சொல்லி நான்தானே கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, பலகையைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தார்.